கயிறு பிடிக்க ஓர் ஆள்

முத்துக்குளித்துறையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. இன்றும் தூத்துக்குடியிலிருந்து கடலுக்குள் இறங்குகிறார்கள், ஆனால் சங்குக்காக. பழைய குளிப்பு முறை எளிமையானது. குளியாளி ஒரு கல்லில் காலை ஊன்றிக்கொண்டு கயிற்றோடு, கடலடியில் சிப்பி கிடக்கும் பாருக்கு இறங்குவார். ஒரு நிமிடம், தேர்ந்தவரானால் ஒன்றரை நிமிடம் சிப்பியை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். வள்ளத்தில் இருப்பவர் இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தக் கடற்கரையில் சொல்வார்கள். அக்காளின் தாலியை நினைத்தாவது கண்ணயராமல் இருப்பான் என்பது கணக்கு.

மூச்சடக்கிக் கிடப்பவரை மேலே வரச் சொல்வது எது? காற்றில்லாமல் போனதுதான் என்று நினைப்போம். உண்மையில் உடல் முதலில் உணர்வது ஆக்சிஜன் குறைவை அல்ல, இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதை. மூளையின் அடித்தண்டில் அதை அளந்துகொண்டே இருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அளவு ஏறியதும் நெஞ்சு தவிக்கும், உதரவிதானம் துடிக்கும், இனி முடியாது என்று உடலே கத்தும். குளியாளியின் உயிர் கயிற்றில் பாதி, இந்தத் தவிப்பில் பாதி.

ஓபியாய்டுகள் எனப்படும் மார்ஃபினும் அதன் உறவு மருந்துகளும் மழுங்கடிப்பது இந்தத் தவிப்பைத்தான். வலியை உணர்த்தும் நரம்புப் பாதையில் இந்த மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் அதே வகை ஏற்பிகள் மூச்சை ஆளும் அடித்தண்டிலும் இருக்கின்றன. அளவோடு கொடுத்தால் வலி அடங்கும், மூச்சுக்கு ஒன்றும் ஆகாது. அளவு மீறினால் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனாலும் உள்ளே அபாய மணி அடிக்காது. ஆள் தூங்குவதுபோல் இருப்பார். மூச்சு நிமிடத்துக்குப் பத்தாகும், எட்டாகும், பிறகு நின்றுவிடும். ஓபியாய்டு மருந்தின் ஆபத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. குளிப்புக்காரர்கள் ஊரில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வலியே மூச்சைத் தூண்டும் ஒரு விசை. கடும் வலியில் இருப்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுத்த மார்ஃபின் வலியோடு மல்லுக்கட்டிச் சரியாகிவிடுகிறது. அதே அளவை வலியே இல்லாத ஒருவர் விழுங்கினால் அது நஞ்சு. கதிர்வீச்சு சிகிச்சையாலோ நரம்பை மரக்கச் செய்யும் ஊசியாலோ வலி சட்டென்று குறைந்தவருக்கும் பழைய அளவு திடீரென்று கூடுதலாகிவிடும். அப்பாவுக்குப் பொருந்திய மாத்திரை மகனுக்குப் பொருந்தாது என்பதும், போன மாதம் பொருந்தியது இந்த மாதம் பொருந்தாமல் போகலாம் என்பதும் இதனால்தான்.

இவ்வளவு ஆபத்தான மருந்து எதற்கு என்று கேட்டால், அதற்கு மாற்று இல்லாத இடங்கள் இருக்கின்றன. எலும்புக்குப் பரவிய புற்றுநோய், பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், நசுங்கிய கால். பாராசிட்டமால் அங்கே செல்லாது. 1805 வாக்கில் ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்ற இளம் மருந்தாளர் அபினிலிருந்து பிரித்தெடுத்த மார்ஃபின், உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இடம்பெற்றது. இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விலையும் மலிவு.

அபின் நமக்கு அந்நியப் பொருளும் அல்ல. குருமாவில் அரைத்து ஊற்றுகிற கசகசா அந்தச் செடியின் விதைதான். விதையில் போதை இல்லை, காயைக் கீறினால் வடியும் பாலில் இருக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு இதைப் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உலகுக்குச் சட்டபூர்வமாக அபின் பிசின் விளைவித்துக் கொடுக்கும் நாடு இந்தியா.

அந்த நாட்டில்தான் இது நடந்தது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. பல குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டு சிறை. கடத்தல்காரரை நோக்கி வீசிய வலையில் மருத்துவமனை மாட்டிக்கொண்டது. மார்ஃபின் வாங்கி வைக்கப் பல மாநிலங்களில் நான்கைந்து உரிமங்கள் வேண்டியிருந்தன. ஒன்று கலால் துறையிடம், ஒன்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் என்று தனித்தனியாக வாங்க வேண்டியிருந்தது, அத்தனையும் ஒரே நேரத்தில் செல்லுபடியாகவும் இருக்க வேண்டியிருந்தது. ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதியானது. எழுத்துப் பிழைக்குக்கூட ஜெயிலா என்று பயந்த மருந்தகங்கள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 சதவீதம் சரிந்து, 1997இல் வெறும் 18 கிலோவுக்கு வந்து நின்றது. அத்தனை பெரிய நாட்டின் புற்றுநோயாளிகளுக்கு 18 கிலோ! இதனால் எத்தனை பேர் கதறிச் செத்தார்கள் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது. அதைவிடப் பெரிய நட்டம், ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினைக் கையில் தொடாமலேயே படித்து முடித்து வெளியே வந்ததுதான். சட்டத்தைத் திருத்திவிடலாம். பழக்கம் விட்டுப்போன கையை மறுபடி பழக்குவது கடினம்.

இந்தப் பயத்துக்கு முகாந்திரம் உண்டா என்று சோதித்தவர்கள் பக்கத்து மாநிலத்துக்காரர்கள். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு மையம் நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபினை வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. இரண்டாண்டுகளில் அப்படி வாங்கிச் சென்ற 1723 பேரின் அனுபவத்தை மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 2001இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மருந்து தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ வெளியே கைமாறியதாகவோ ஒரு நிகழ்வும் அவர்களுக்குத் தென்படவில்லை. இதைப் படித்துவிட்டு மார்ஃபின் பரம சாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே மருந்தோடு ஓர் ஏற்பாடும் போனது. எத்தனை மாத்திரை கொடுத்தோம், எத்தனை மிச்சம் என்ற கணக்கு இருந்தது. வீட்டில் மருந்து எடுத்துக் கொடுக்கப் பழக்கப்பட்ட ஒருவர் இருந்தார். மச்சான் கயிற்றை விடவில்லை.

2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2015இல் விதிகள் வந்தன. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' ஆயின. பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்கும் மருத்துவமனை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரிடம் மட்டும் அங்கீகாரம் வாங்கினால் போதும் என்றானது. ஆனாலும் 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டபோது, இந்தியாவில் கிடைக்கும் வலி தணிப்பு ஓபியாய்டு தேவையில் 4 சதவீத அளவுக்குத்தான் இருந்தது. அமெரிக்காவில் தேவையைப் போல் முப்பது மடங்கு.

அந்த முப்பது மடங்கின் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது. படுக்கையில் கண்காணிப்பில் இருந்தவர்களின் கணக்கு அது. அதை வீட்டுக்கு மாதக்கணக்கில் எழுதிக் கொடுக்கும் மாத்திரைக்கும் பொருத்தி, 600 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டிவிட்டார்கள். 1996இல் ஆக்ஸிகோடோன் மாத்திரையான ஆக்ஸிகோன்டின் சந்தைக்கு வந்தது. தயாரித்த பர்டியூ நிறுவனம், அதை விற்ற விதத்தில் செய்த குற்றத்தைப் பின்னாளில் இரண்டு முறை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. நாம் பூட்டிவைத்துக் கெட்டோம், அவர்கள் திறந்துவிட்டுக் கெட்டார்கள் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் ஒரு கதவைத்தான் பூட்டினோம்.

தூத்துக்குடிக் கடற்கரையில் கியூ பிரிவு போலீசார் பிடிக்கும் மூட்டைகளைப் பாருங்கள். இலங்கைக்குப் போகும் பீடி இலை, மஞ்சள், அவற்றோடு பெட்டி பெட்டியாக வலி மாத்திரை. ஆண்டு தவறாமல் வரும் செய்தி. அதில் மார்ஃபின் இருப்பதாகப் படித்த நினைவில்லை. இருப்பது பெரும்பாலும் பிரீகாபலின், டாபென்டடால் போன்றவை. பிரீகாபலின் ஓபியாய்டு அல்ல, நரம்பு வலிக்கான மருந்து. ஆனால் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை இன்னும் அமுக்கும். டாபென்டடால் ஓபியாய்டேதான். மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து இளைஞர்கள் ஊசியாக ஏற்றிக்கொள்ளும் வழக்குகள் தமிழ்நாட்டு நகரங்களில் பதிவாகிக்கொண்டே இருக்கின்றன. விழுங்குவதற்குச் செய்த மாத்திரையில் உள்ள மாவும் சுண்ணமும் நேராக இரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலில் போய் அடைக்கும், ஊசி குத்திய இடம் அழுகும். இன்னோர் ஓபியாய்டான டிரமடால் 2018 ஏப்ரலில்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. டாபென்டடாலையும் தசை தளர்த்தும் மருந்தான காரிசோப்ரடாலையும் கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஒரு மும்பை நிறுவனம் அனுப்பிக்கொண்டிருந்ததை பி.பி.சி. வெளிக்கொண்டு வந்த பிறகு, 2025 பிப்ரவரியில்தான் அந்தக் கலவைக்குத் தடை வந்தது. ஆக, சாகக் கிடப்பவருக்கான மருந்துக்கு 1985லேயே ஐந்து பூட்டு. வழக்கமான மாத்திரை அட்டையில் வரும் அதன் பங்காளிகளுக்கு முப்பது, நாற்பது ஆண்டு கழித்து ஒவ்வொரு பூட்டு. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாட்டில் மருந்துக்கடை வகை ஓபியாய்டுகளை மருத்துவத்துக்கு வெளியே பயன்படுத்துவோர் 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் 0.96 சதவீதம் என்று வந்தது. வலியில் சாகிறவர்களும் மாத்திரையில் சாகிறவர்களும் ஒரே நாட்டில், ஒரே மாவட்டத்தில் இருக்க முடியும் என்பதுதான் நம் கதை.

சரி, கடத்தலும் ஊசியும் ஊரில் சிலர் விஷயம். பலர் விஷயம் வேறு. "அண்ணாச்சி, இடுப்பு வலிக்கு ரெண்டு செட்டு குடுங்க." உப்பளத்துக்குப் போகிறவர், சரக்கு ஏற்றி இறக்குகிறவர், மீன் கூடை சுமக்கிறவர் என்று மெடிக்கலில் வந்து நிற்கும் கூட்டத்தில் இதைக் கேட்காத நாளில்லை. காகிதத்தில் மடித்துத் தரும் அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. பெரும்பாலும் டைக்ளோஃபினாக் வகையறா. சில வேளை டிரமடால் கலந்த மாத்திரையும் சேர்ந்துவிடும். அட்டையைக் கத்தரித்துத் தருவதால் பெயரும் போய்விடுகிறது. மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது என்ன சாப்பிட்டார் என்று கேட்டால், "வெள்ளை மாத்திரை" என்பதற்கு மேல் பதில் இருக்காது.

உப்பளத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெயில், வியர்வை, ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருப்பது எல்லாம் சேர்ந்த விளைவு. டைக்ளோஃபினாக் வகை அந்தச் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். பின்னாளில் அந்தத் தொழிலாளிக்கே புற்றுநோய் வந்து மார்ஃபின் தேவைப்பட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். கல்லீரல் மார்ஃபினை மாற்றி அனுப்பும் பொருள்களில் ஒன்று மார்ஃபினைப் போலவே வேலை செய்வது. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் அது உடம்பில் தேங்கும். முதல் நாள் சரியாக இருந்தவர் நான்காம் நாள் எழுப்ப முடியாமல் கிடப்பார். அதனால்தான் மார்ஃபின் எழுதும் மருத்துவர் முதலில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்கிறார். அதை வீண் செலவு என்று எண்ண வேண்டாம்.

இடுப்பு வலிக்காரருக்கு ஓபியாய்டு உதவுமா? அண்மை ஆய்வுகள் கையை விரிக்கின்றன. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 240 பேரிடம் ஓராண்டு நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுத் தேய்மான வலிக்கும் வலியைக் குறைப்பதில் ஓபியாய்டு மற்ற மருந்துகளைவிட மேலாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 347 பேரிடம் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. மூட்டை தூக்கியதால் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு டிரமடால் கேட்பவர் ஆபத்தை மட்டும் விலைகொடுத்து வாங்குகிறார். டிரமடாலுக்கு வலிப்பு வரவழைக்கும் குணமும் உண்டு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் அது இன்னும் கூடும்.

சங்கு குளிக்கிறவர் கதை இன்னும் வேறு. கல்லும் கயிறும் போய் கம்ப்ரசர் குழாய் வந்த பிறகு நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைவாக ஏறுகிறார்கள். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டில் நின்று வலிக்கும். அந்த வலியை மாத்திரையால் அமுக்கிவிட்டு மறுநாள் இறங்கினால், முதுகுத் தண்டில் குமிழி நின்று கால் விழுந்த பிறகுதான் தெரியும். அதற்கு மருந்து ஆக்சிஜனும் உயர் அழுத்த அறையும். ஓபியாய்டு போட்டுக்கொண்டு கடலில் இறங்குவது எப்படியும் கூடாது. ஆழத்தில் நைட்ரஜனே போதை ஏற்றும். அதன் மேல் இன்னொரு போதையா?

இனி, உண்மையிலேயே மார்ஃபின் தேவைப்படும் வீட்டுக்கு வருவோம். வலி வரட்டும், அப்புறம் போடலாம் என்று காத்திருப்பதுதான் பொதுவாக நடக்கும் முதல் தவறு. சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும், எனவே கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் திடீரென்று எகிறும் வலிக்குக் கூடுதல் மாத்திரை எத்தனை, ஒரு நாளில் எத்தனை தடவை என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மெல்ல மெல்லக் கரையும் வகை மாத்திரையை நசுக்கிக் கரைத்துக் கொடுத்தால் பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். விழுங்க முடியாதவருக்கு இதைச் செய்துவிடாதீர்கள், மாற்று மருந்து கேளுங்கள். குமட்டலும் தூக்கமும் முதல் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்கவே அடங்காது, உடல் அதற்குப் பழகுவதில்லை. முதல் மாத்திரையோடேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் மார்ஃபினையே வேண்டாம் என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

தோலில் ஃபென்டனில் மருந்துப் பட்டை ஒட்டியவரை வெயிலில் உட்கார வைக்கக் கூடாது, அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. தோல் சூடானால் மருந்து வேகமாக உள்ளே போகும். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவருக்கு அந்தப் பட்டை பொருந்துமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும், குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டால் உயிர் போகும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்க மடித்துப் பத்திரப்படுத்தி, மருத்துவமனையில் திருப்பிக் கொடுப்பது நல்லது.

சாராயத்தோடும் தூக்க மாத்திரையோடும் ஓபியாய்டு சேரவே கூடாது. மூன்றும் அமுக்குவது ஒரே மூச்சைத்தான். அசைத்தாலும் எழாதவர், குறட்டையா கொரகொரப்பா என்று சொல்ல முடியாத சத்தத்தோடு மூச்சு விடுபவர், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியவர் தூங்கவில்லை. உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். நலாக்சோன் என்ற முறிமருந்து ஊசியாகச் சென்றால் சில நிமிடங்களில் ஆள் மூச்சு விடுவார். ஆனால் அதன் வேலை ஓபியாய்டின் வேலையைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும், எழுந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது.

அடிமையாகிவிடுவாரே என்ற கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. சில வாரம் தொடர்ந்து எடுத்த யாருக்கும் உடல் மருந்துக்குப் பழகும். சட்டென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம் வரும். படிப்படியாகக் குறைத்தால் வராது. இது அடிமைத்தனம் அல்ல. வலி இருக்கிறதோ இல்லையோ மருந்தைத் தேடி அலைவதும், கெடுதல் தெரிந்தே விட முடியாமல் போவதும்தான் அடிமைத்தனம். அதுவும் சிலருக்கு வரும். முன்பே குடிக்கோ வேறு போதைக்கோ பழகியவருக்கு வாய்ப்பு அதிகம், அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மறைக்காமல் சொன்னதற்காக வலி மருந்தை மறுப்பதும் முறையல்ல. அளவைக் குறைத்து, மருந்து வாங்க வரும் நாள் இடைவெளியைக் குறைத்து, எண்ணிக் கொடுக்க வழி இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. "மார்ஃபின் கொடுக்கிறார்கள் என்றால் முடிந்தது என்று அர்த்தம்" என்பார்கள். சாகப்போகிற நேரத்தில் மட்டும் கொடுத்துப் பழகிவிட்டதால் வந்த பெயர் அது. வலி அடங்கியவர் சாப்பிடுவார், தூங்குவார், திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிவரும் வலி தணிப்புச் சேவையும் அடக்கம். அந்த ஊழியர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்போது, வலி எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போனால், "வலிக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க ஐயா" என்று பொதுவாகக் கேட்காமல், இங்கே மார்ஃபின் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் பக்கத்தில் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை எது என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கிடைத்தால் வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், தினமும் எண்ணி நோட்டில் எழுதுங்கள், நோயாளி போன பிறகு மிச்சமிருப்பதைக் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.